தோலும் இரத்தக் குழாய்களும்

மனித உடலின் உறுப்புக்களுள் மிகப் பெரியது எது என்று மாணவர்களைக் கேட்டால், சிலர் கல்லீரல் என்பார்கள். சிலர் நுரையீரல் என்பார்கள். தோல் என்று விடை சொல்பவர் மிகச் சிலரே. வளர்ந்த மனிதர் ஒருவருடைய தோலை விரித்துப் பார்த்தால், அது ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு சதுர மீட்டர் பரப்புடையதாக இருக்கும். இவ்வளவு பெரிய உறுப்புக்கு உணவையும் உயிர்க்காற்றையும் கொண்டு சேர்ப்பவை மிக நுண்ணிய இரத்தக் குழாய்கள். அந்தக் குழாய்களைப் பற்றியும், அவற்றைத் தாக்கும் அழற்சி நோய்களைப் பற்றியும் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

தோலுக்கு இரண்டு முக்கியமான அடுக்குகள் உண்டு. மேலடுக்கில் இரத்தக் குழாய்களே கிடையா. சுவரில் இலேசாக உராய்ந்து மேல்தோல் மட்டும் உரிந்தால் இரத்தம் வராததற்குக் காரணம் இதுதான். அதன் கீழுள்ள அடுக்கில் குழாய்கள் வலைபோலப் பின்னிக் கிடக்கின்றன. இருதயத்திலிருந்து புறப்படும் தமனி, கிளை விட்டுக் கிளை விட்டு, கண்ணுக்குத் தெரியாத தந்துகிகளாகிறது. தந்துகிகள் மீண்டும் ஒன்றுகூடி நுண்சிரைகளாகி, இரத்தத்தை இருதயத்துக்குத் திருப்பி அனுப்புகின்றன. வெயிலில் நடக்கும்போது முகம் சிவப்பது ஏன்? இந்தக் குழாய்கள் விரிந்து, உடலின் வெப்பத்தை வெளியேற்ற முயல்வதனால்தான்.

இந்த நுண்குழாய்களின் சுவரிலே அழற்சி ஏற்படுவது உண்டு. அழற்சி என்றால் என்ன? விரலில் முள் தைத்தால் அந்த இடம் சிவக்கிறது, சுடுகிறது, வீங்குகிறது, வலிக்கிறது. இந்த நான்கும் சேர்ந்ததே அழற்சி. உடல் தன்னைக் காத்துக்கொள்ளும் முறை அது. ஆனால், காவலுக்கு வந்த வீரர்கள் கோட்டைச் சுவரையே இடிக்கத் தொடங்கினால் என்ன ஆகும்? இரத்தக் குழாய் அழற்சியில் நடப்பது ஏறத்தாழ அதுதான்.

இந்த நிகழ்ச்சியின் இரகசியத்தை விளங்கிக்கொள்ள 1903-ஆம் ஆண்டில் ஒரு வழி பிறந்தது. பிரான்சு நாட்டு அறிஞர் மாரிஸ் ஆர்தஸ், முயல்களின் தோலுக்கடியில் குதிரையின் இரத்தத் தெளிநீரைச் சில நாட்களுக்கு ஒருமுறை ஊசிமூலம் செலுத்தி வந்தார். முதல் ஊசிகளால் தீங்கொன்றும் விளையவில்லை. அதே நீரைத் திரும்பத் திரும்பச் செலுத்தவே, ஊசி போட்ட இடம் வீங்கிக் கெட்டிப்பட்டு, இறுதியில் தசை அழுகியது. செலுத்திய பொருள் மாறவில்லை. முயலின் உடல்தான் மாறியிருந்தது. அயற்பொருளை எதிர்க்க அது எதிர்ப்பொருள்களை உண்டாக்கி வைத்திருந்தது. அயற்பொருளும் எதிர்ப்பொருளும் ஒன்றோடொன்று பிணைந்து குழாய்ச் சுவரில் படிய, அவற்றை அழிக்க வெள்ளணுக்கள் கூட்டமாக வந்து சேர்ந்தன. அவை கக்கிய நொதிகள் சுவரையே அரித்துவிட்டன.

மனிதர் உடலிலும் இவ்வாறு நேரிடுவது உண்டு. சுவர் அரிக்கப்பட்டதும் சிவப்பணுக்கள் குழாயை விட்டு வெளியே கசிகின்றன. தோலில் குங்குமத்தைத் தெளித்தாற்போலச் செம்புள்ளிகள் தோன்றுகின்றன. சில நாட்களில் அவை கருஞ்சிவப்பாகவும் பின்னர்ப் பழுப்பாகவும் மாறுகின்றன. பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழேதான் இவை மிகுதி. நிற்கும் மனிதனின் கால்களில் இரத்தத்தின் அழுத்தம் அதிகம், ஓட்டமோ மெதுவானது. ஆகவே குழாய்களில் படிய வேண்டியவை அங்கே எளிதில் படிந்துவிடுகின்றன.

வேர்க்குருவையும் கொசுக்கடியையும் இந்தப் புள்ளியிலிருந்து பிரித்தறிய ஓர் எளிய சோதனை இருக்கிறது. தெளிவான கண்ணாடித் தம்ளரின் பக்கத்தைப் புள்ளியின்மேல் வைத்து அழுத்திப் பாருங்கள். வேர்க்குருவிலும் கொசுக்கடியிலும் இரத்தம் குழாய்க்குள்ளேயே இருப்பதால், அழுத்தும்போது சிவப்பு மறையும். கசிந்த இரத்தமோ எங்கும் போக முடியாது. அழுத்தினாலும் நிறம் மாறாது. அடுத்தபடியாக விரலால் தடவிப் பாருங்கள். டெங்குக் காய்ச்சலில் இரத்தத் தட்டுக்கள் குறைவதால் வரும் புள்ளிகள் தட்டையாக இருக்கும். குழாய் அழற்சியால் வரும் புள்ளிகள் பெரும்பாலும் சற்று மேடாக விரலுக்குத் தட்டுப்படும். எதுவாயினும், காய்ச்சலோடு அழுத்தி மறையாத புள்ளிகளைக் கண்டால் ஒரு நாள்கூடத் தாமதிக்கலாகாது. மூளை உறையைத் தாக்கும் கொடிய கிருமிக் காய்ச்சலும் அவ்வாறு தொடங்கக் கூடும்.

இனி, இந்த நோய் நம்முடைய அன்றாட வாழ்விலே எங்கே குறுக்கிடுகிறது என்று பார்ப்போம். திருவள்ளூர் மாவட்டத்தின் வடகோடியில், ஆந்திர எல்லையை ஒட்டிக் கும்மிடிப்பூண்டி இருக்கிறது. சிப்காட் தொழிற்பேட்டை அமைந்தபின் இரும்பை உருக்குவதும் கம்பியாக உருட்டுவதும் இன்னும் பல தொழில்களும் அங்கே பெருகின. உள்ளூர் மக்களோடு பீகார், ஒடிசா போன்ற மாநிலங்களிலிருந்து வந்தவர்களும் அங்கே உழைக்கிறார்கள். அப்படிப்பட்ட ஒரு தொழிலாளியை எண்ணிப் பாருங்கள். வெப்பத்தின் நடுவே பல மணி நேரம் நின்றுகொண்டே வேலை. இடுப்பு வலிக்கிறது, தொண்டை கரகரக்கிறது. மருந்துக் கடையில் கேட்டு நான்கு மாத்திரை வாங்கி விழுங்குகிறார். வலி போகிறது. ஒரு வாரம், பத்து நாள் கழித்துக் கணைக்கால்களில் செம்புள்ளிகள். "உடம்புச் சூடு" என்று எண்ணி விளக்கெண்ணெய் தடவுகிறார். சிரங்குக் களிம்பு பூசுகிறார். தொண்டைக்கு மீண்டும் அதே மாத்திரையை வாங்குகிறார். புள்ளிகள் பெருகுகின்றன.

இவரைப் போன்றவர்களை நான் பலமுறை கண்டிருக்கிறேன். சில நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளும் வலி மருந்துகளும் சிலருக்குக் குழாய் அழற்சியைத் தூண்டுவது உண்டு. தொண்டையைத் தாக்கும் கிருமிகள், மஞ்சட்காமாலையை உண்டாக்கும் சில வைரசுகள் முதலியவையும் காரணமாகலாம். எவ்வளவு தேடினாலும் காரணம் அகப்படாத நோயாளிகளும் பலர். மருந்துதான் காரணம் என்றால், அதை நிறுத்திவிட்டுக் கால்களைச் சற்று உயர்த்தி வைத்து ஓய்வெடுப்பதே முதற் சிகிச்சை. பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தோல் தெளிந்துவிடும். கூலியை நம்பி வாழ்பவருக்கு ஓய்வு என்பது எளிதன்று என்பதை நான் அறிவேன். இ.எஸ்.ஐ. திட்டத்தில் சேர்ந்த தொழிலாளர்களுக்கு நோய்க்கால உதவித்தொகை உண்டு என்பதை அவர்கள் அறிந்திருப்பது நல்லது.

ஆக, இங்கே விதி என்ன? மருந்தை நிறுத்து என்பது விதி. இந்த விதியை நன்றாக நினைவில் வைத்துக்கொண்டு, அடுத்து நான் சொல்லப்போவதைக் கேளுங்கள்.

திருவள்ளூர் 1997-ஆம் ஆண்டில்தான் தனி மாவட்டமாயிற்று. அதற்கு முன் அது செங்கற்பட்டு மாவட்டத்தின் பகுதி. அந்தப் பழைய மாவட்டத்துக்கு மருத்துவ வரலாற்றில் ஓர் இடம் உண்டு. செங்கற்பட்டுக்கு அருகே திருமணி என்னும் ஊரில் லேடி வில்லிங்டன் பெயரால் ஒரு தொழுநோய் மருத்துவமனை இருந்தது. இராபர்ட் காக்ரேன் என்ற மருத்துவர் அங்கே பணியாற்றினார். 1940-களில் சல்போன் வகை மருந்துகளைத் தொழுநோய்க்குப் பயன்படுத்தி ஆராய்ந்த முன்னோடிகளுள் அவர் ஒருவர். அதுவரை நோயாளிகளுக்குக் கிடைத்த மருந்து, நீரடிமுத்து வகை எண்ணெயை ஊசியாகப் போடுவதுதான். அதனால் வலி மிகுதி, பயன் சொற்பம். டி.டி.எஸ். அல்லது டாப்சோன் என்று பெயர்பெற்ற சல்போன் மாத்திரையோ தொழுநோயின் வரலாற்றையே மாற்றியது. 1955-ஆம் ஆண்டில் அந்த மருத்துவமனை மத்திய அரசின் தொழுநோய் ஆராய்ச்சி நிறுவனமாயிற்று.

தொழுநோய் கிருமியால் வருவது; இரத்தக் குழாய் அழற்சிக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். உடலில் கிருமிகள் மிகுதியாக உள்ள நோயாளிகள் சிலருக்கு, சிகிச்சை தொடங்கிச் சில மாதங்கள் சென்றபின், திடீரென்று காய்ச்சல் வரும். முகத்திலும் கைகால்களிலும் சிவந்த முடிச்சுக்கள் கூட்டமாகத் தோன்றும், தொட்டால் வலிக்கும். மூட்டுக்களும் நரம்புகளும் வீங்கும், கண் சிவக்கும். மடிந்த கிருமிகளின் துணுக்குகளோடு எதிர்ப்பொருள்கள் பிணைந்து நுண்குழாய்களைச் சுற்றிப் படிவதை 1969-ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர்கள் எடுத்துக்காட்டினார்கள். ஆர்தஸ் முயல்களிடம் கண்ட அதே நிகழ்ச்சி மனிதர் தோலிலும் நடக்கிறது என்று அவர்கள் கூறினார்கள். வெள்ளணுக்கள் சுரக்கும் வேறு பொருள்களுக்கும் இதில் பெரும் பங்குண்டு என்பது பின்னர்த் தெரியவந்தது.

நோயாளியின் நிலையிலிருந்து இதை எண்ணிப் பாருங்கள். மருந்து தொடங்கும்முன் அவருக்கு வலியில்லாத தேமல் மட்டும் இருந்தது. மருந்து தின்னத் தொடங்கியபின் காய்ச்சலும் முடிச்சும் வந்தன. "இந்த மாத்திரைதான் என்னைக் கெடுத்தது" என்று அவர் முடிவு செய்வதில் வியப்பென்ன? மாத்திரையை நிறுத்திவிடுகிறார். நிறுத்தினால் அழற்சி நின்றுவிடுவதில்லை. கிருமிகள் மட்டும் மீண்டும் பெருக இடம் கிடைக்கிறது. நரம்புகளின் வீக்கத்தைக் கவனிக்காமல் விட்டால் சில வாரங்களிலேயே விரல்கள் மடங்கிப்போகலாம். கால் உணர்ச்சி இழக்கலாம். ஆகவே இங்கே விதி நேர்மாறானது. தொழுநோய் மருந்தைத் தொடர வேண்டும். அதனுடன் அழற்சியைத் தணிக்கும் மருந்தையும் சேர்க்க வேண்டும்.

இப்போது இரு தொழிலாளிகளை அருகருகே நிறுத்திப் பாருங்கள். இருவர் காலிலும் சிவந்த தடிப்புக்கள். இருவரும் மாத்திரை தின்றபின் வந்தது என்றே சொல்கிறார்கள். ஒருவர் மாத்திரையை நிறுத்தினால் பிழைப்பார். மற்றவர் நிறுத்தினால் முடமாவார். பயிற்சி பெற்ற கண்ணுக்கு இரண்டும் வேறு வேறு. நோயாளிக்கும் அவர் வீட்டாருக்கும் மருந்துக் கடைக்காரருக்கும் அவை ஒன்றுபோலவே தோன்றும். நிறுத்துவதா, தொடர்வதா என்பதை நாமே தீர்மானிக்கலாகாது என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

முடிச்சு அழற்சிக்குக் கிடைத்த ஒரு மருந்தின் வரலாறும் அறியத் தக்கது. தாலிடோமைடு என்னும் தூக்க மருந்து, கருவுற்ற தாய்மார்கள் உட்கொண்டதால் ஆயிரக்கணக்கான குழந்தைகளைக் கைகால் குறையோடு பிறக்கச் செய்தது. 1961-ஆம் ஆண்டின் இறுதியில் அதை விற்பனையிலிருந்து அகற்றத் தொடங்கினார்கள். 1964-இல் ஜெருசலேம் நகரில் ஜேக்கப் ஷெஸ்கின் என்ற மருத்துவர், இந்த அழற்சியின் வேதனையால் உறங்க முடியாத தொழுநோயாளிக்கு, உறக்கம் வரட்டும் என்று அந்த மருந்தைக் கொடுத்தார். உறக்கம் வந்தது, அதனுடன் முடிச்சுக்களும் வற்றின. இன்றும் கடுமையான கட்டுப்பாட்டுடன் அது இதற்குப் பயன்படுகிறது. கருவுறக்கூடிய பெண்களுக்கு அதை ஒருபோதும் கவனக்குறைவாக அளிக்கலாகாது. ஒரே பொருள் ஒருவருக்கு நஞ்சும் மற்றொருவருக்கு மருந்தும் ஆவதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமா?

செங்கற்பட்டு மாவட்டம் அறிந்த அந்த டாப்சோன் மாத்திரைக்கும் இரண்டாவது வாழ்வு ஒன்று வாய்த்தது. 1866-ஆம் ஆண்டில், ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரில் குஸ்மால், மையர் என்ற இரு மருத்துவர்கள், தமனிகள் நெடுகிலும் அழற்சி முடிச்சுக்கள் தோன்றி இறந்த ஓர் இளந் தையற்காரரின் நோயை விரிவாக எழுதினார்கள். இரத்தக் குழாய் அழற்சியை ஆராயும் துறையின் தொடக்கம் அது எனலாம். அதே நகரில் 1908-ஆம் ஆண்டில் ஃப்ரோம், விட்மன் என்ற வேதியியலார் டாப்சோனை முதன்முதலாகத் தயாரித்தார்கள். அந்த நாளில் அவர்கள் அதை மருந்தாக எண்ணவே இல்லை. பின்னர், தொழுநோய்க் கிருமியை ஒடுக்கும் அந்தப் பொருளே வெள்ளணுக்களின் சீற்றத்தையும் அடக்க வல்லது எனத் தெரிந்தது. ஆகவே தோலில் திரும்பத் திரும்ப வரும் குழாய் அழற்சிக்கு இன்று மருத்துவர்கள் அதைக் கொடுக்கிறார்கள். எனினும், இரத்தத்தில் ஜி6பிடி என்னும் நொதி பிறவியிலேயே குறைந்தவர்களுக்கு அது சிவப்பணுக்களை உடைத்துவிடும். இரத்தத்தைச் சோதித்த பின்பே அதைத் தர வேண்டும்.

காசநோய்க் கிருமியும் தோலின் குழாய்களைத் தாக்க வழி செய்வது உண்டு. பெரும்பாலும் பெண்களுக்கு, கெண்டைக்காலின் பின்புறத்தில், ஊதா நிறக் கட்டிகள் தோன்றிப் புண்ணாகி ஆறாமல் நீடிக்கும். 1861-இல் பிரான்சு நாட்டு மருத்துவர் பாசான் இதை விவரித்தார். அங்கே புண்ணுக்கு மட்டும் களிம்பு பூசினால் பயன் இல்லை. காசநோய் காரணம் என்று உறுதிப்பட்டால் அதற்குரிய முழுச் சிகிச்சையும் வேண்டும். இந்த இடத்தில் திருவள்ளூர் வட்டாரத்து மக்களை நன்றியோடு குறிப்பிட வேண்டும். காசநோய்க்குப் பி.சி.ஜி. எந்த அளவு பாதுகாப்புத் தரும் என்று அறிய, 1968-ஆம் ஆண்டில் அவர்களிடையேதான் உலகறிந்த ஆய்வு தொடங்கியது. இலட்சக்கணக்கானோர் கையை நீட்டினார்கள். பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், வளர்ந்தவர்களுக்கு அது பாதுகாப்புத் தரவில்லை என்றும் சிறுவர்களுக்குச் சொற்பப் பாதுகாப்பே தந்தது என்றும் தெரிந்தது. எதிர்பார்த்த விடை அதுவன்று. ஆயினும் உண்மையான விடை. குழந்தைகளுக்கு வரும் கொடிய வகைக் காசநோயை அது தடுப்பதால், இன்றும் பிறந்த குழந்தைகளுக்குப் பி.சி.ஜி. போடுகிறோம். பின்னர், ஆவடியில் இருந்த ஆராய்ச்சிப் பிரிவின் முயற்சியால், தொழுநோய்த் தடுப்பு மருந்துகள் நான்கை ஒப்பிடும் ஆய்வுக்கும் இந்தப் பகுதிகளில் 1,71,000-க்கும் மேற்பட்டவர்கள் முன்வந்தார்கள். அந்த ஆய்வின் முடிவு 1998-இல் வெளியாயிற்று.

தோலில் தெரிவது நோயின் ஒரு முகமே. அதே நுண்குழாய்கள் சிறுநீரகத்திலும் குடலிலும் நரம்பிலும் நுரையீரலிலும் உண்டு. குழந்தைகளுக்கு வரும் ஒரு வகை அழற்சியை 1837-இல் ஷான்லைனும் 1874-இல் ஹீனாக்கும் விவரித்தார்கள். கால்களிலும் பிட்டத்திலும் புள்ளிகள், மூட்டு வலி, வயிற்று வலி ஆகியவை அதன் அறிகுறிகள். அவை ஓரிரு மாதங்களில் மறைந்துவிடும், பெற்றோரும் மறந்துவிடுவார்கள். ஆனால் சிறுநீரகத்தின் அழற்சி வலியே இல்லாமல் பின்னால் வருவது உண்டு. ஆகவே ஆறு மாதங்களாவது அவ்வப்போது சிறுநீரையும் இரத்த அழுத்தத்தையும் சோதிக்க வேண்டும். மிகச் சிறிய செலவில் முடியும் அந்தச் சோதனை சிறுநீரகத்தையே காப்பாற்றக் கூடும்.

தொழிற்பேட்டைகளில் உழைப்பவர்களுக்கு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மணல் அச்சில் வார்ப்பு வேலை செய்யும் இடங்களிலும், கல் உடைக்கும் இடங்களிலும் சிலிக்காத் தூசு பறக்கும். அது நுரையீரலைக் கெடுக்கும் என்பதைப் பலர் அறிவார்கள். சிறுநீரகத்தையும் நுரையீரலையும் சேர்ந்து தாக்கும் ஒரு வகைக் குழாய் அழற்சி, அத்தூசை நெடுநாள் சுவாசித்தவர்களிடையே மிகுதி எனப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தூசை நீரால் அடக்குவதும், உறிஞ்சும் கருவிகளை அமைப்பதும், தகுந்த முகக்கவசம் அளிப்பதும் ஆலைகளின் கடமை. அவற்றைக் கேட்டுப் பெறுவது தொழிலாளியின் உரிமை.

மாணவர்களாகிய உங்களுக்கு இவற்றை நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. உங்களுள் பலருடைய தந்தையோ அண்ணனோ ஆலைகளில் வேலை செய்கிறார்கள். இரவு வேலை முடிந்து வந்து காலணியைக் கழற்றும்போது அவர்கள் தங்கள் காலைப் பார்த்துக்கொள்வதில்லை, நீங்கள் பார்க்கலாம். செம்புள்ளி தெரிந்தால் கண்ணாடியை வைத்து அழுத்துங்கள், விரலால் தடவுங்கள். கடந்த இரண்டு வாரங்களில் என்னென்ன மருந்து தின்றார்கள் என்று கேட்டு, மாத்திரை அட்டைகளோடு ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக வந்த புள்ளியிலிருந்து ஓரிரு நாட்களுக்குள் சிறு துண்டு எடுத்துச் சோதித்தால்தான் நோயின் தன்மை தெளிவாகத் தெரியும். ஆகவே பழுக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உணர்ச்சியற்ற தேமல் இருந்தால் அதையும் மறைக்காமல் மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். தொழுநோய்க்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாக மருந்து கிடைக்கிறது. எந்த மாநிலத்திலிருந்து வந்தவராயினும் பெற்றுக்கொள்ளலாம். முழுமையாக உட்கொண்டால் நோய் அடியோடு குணமாகும். பக்கத்து அறையில் தங்கியிருக்கும் வெளிமாநிலத் தொழிலாளிக்கு மொழி தெரியாவிட்டால், அவரை அழைத்துச் செல்லும் பொறுப்பையும் நீங்கள் ஏற்றுக்கொள்ளலாம். மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு: "இந்த மாத்திரையை நிறுத்த வேண்டுமா, தொடர வேண்டுமா?" "சிறுநீரைச் சோதித்தாகிவிட்டதா?" இவ்விரண்டுக்கும் விடை பெறாமல் வீடு திரும்பாதீர்கள்.